சியோலுக்கு முன்னால் கொரியாவின் தலைநகர் எது? புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறுகிறது

வாசுகி_ஆசிரியை – கேள்வி

வணக்கம். 30 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கொரியாவைப் பற்றி அத்தனை ஆண்டுகளில் நான் வகுப்பில் சொன்னது 1950ஆம் ஆண்டுப் போர் குறித்த ஒரு பத்தி மட்டும்தான். இப்போது பேத்தியோடு உட்கார்ந்து கொரிய வரலாற்றுத் தொடர்களைப் பார்க்கிறேன். ஒரு தொடரில் அரசர் கெகியோங் என்ற நகரில் இருக்கிறார். அடுத்ததில் ஹன்யாங். மூன்றாவதில் சொராபோல். "பாட்டி, மூன்றும் ஒரே ஊரா, வேறு வேறா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்தேன். ஒன்று, கியோங்ஜு ஆயிரம் ஆண்டு தலைநகராக இருந்தது என்கிறது. இன்னொன்று பியாங்யாங்தான் பழைய தலைநகர் என்கிறது. சியோலைப் பற்றி ஒரே புத்தகத்தில் ஓர் இடத்தில் 600 ஆண்டுத் தலைநகர் என்றும், வேறோர் இடத்தில் 2,000 ஆண்டுத் தலைநகர் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள்.

வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு அதைவிட முக்கியம், ஏன் மாற்றினார்கள் என்பது. எதிரி படையெடுத்து வந்தால் ஓடுவார்கள், அது புரிகிறது. ஆனால் சண்டை எதுவும் இல்லாத காலத்திலும் மாற்றியிருக்கிறார்களே? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டுகிறேன்.

இளவேனில் – பதில்

அம்மா, பேத்திக்கு உடனே சொல்ல: மூன்றும் வேறு வேறு ஊர்கள். சொராபோல் என்பது இன்றைய கியோங்ஜு, சில்லா அரசின் தலைநகர். கெகியோங் என்பது இன்றைய கேசொங், கொர்யோ அரசின் தலைநகர். ஹன்யாங் என்பது சியோல், ஜோசொன் அரசின் தலைநகர். காலவரிசையும் இதே வரிசைதான்.

சியோலுக்கு 600, 2,000 இரண்டுமே சரி. ஜோசொன் அரசு அங்கே குடியேறியது 1394இல். அதற்கு வெகு முன்பே பெக்ஜே அரசு அதே ஹான் ஆற்றங்கரையில் தன் முதல் தலைநகரை அமைத்தது. மரபுப்படி அது கி.மு. 18.

மண்மதில் – பதில்

இளவேனில் சொன்ன வரிசை சரி. ஆசிரியர் அம்மா கேட்ட 'ஏன்' என்பதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

உலோகவியல் ஆய்வுக்காக ஒன்பது ஆண்டுகள் தேஜொன் நகரில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் ஏதாவது ஒரு பழைய கோட்டை மதிலின்மேல் நடப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் ஆண்டில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் குடியிருந்த ஊரைச் சுற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்துக்குள், நான்கு தலைநகரங்கள் இருக்கின்றன. கொங்ஜுவும் புயோவும் தலைநகரங்களாகவே வாழ்ந்தவை. கெர்யோங் மலையடிவாரம் கட்டத் தொடங்கிக் கைவிடப்பட்டது. செஜொங் பாதி மட்டும் தலைநகரானது. தேஜொனும்கூட 1950 ஜூன் 27 முதல் ஜூலை 16 வரை, போரில் பின்வாங்கிய அரசுக்குத் தற்காலிகத் தலைநகராக இருந்தது. கொரியத் தலைநகரங்கள் ஏன் இடம் மாறின என்பதை நான் இந்த ஊர்களில் நடந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் பெக்ஜே. அந்த அரசு 678 ஆண்டுகள் வாழ்ந்தது. அதில் 493 ஆண்டுகள் இன்றைய சியோலில்தான். அந்த நகருக்கு ஹன்சொங் என்று பெயர். ஆனால் பெக்ஜே என்றால் கொரியர்கள் பலருக்கும் கொங்ஜுவும் புயோவும்தான் நினைவுக்கு வருகின்றன, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சியிருப்பவை அங்கேதான். சியோலில் இருந்தது வெகுகாலம் மண்ணுக்குள் கிடந்தது. புங்னாப் என்ற பகுதியில் ஒரு மண்மேடு இருக்கிறது. 1925இல் ஹான் ஆற்றில் வந்த பெருவெள்ளம் அதன் ஒரு பகுதியை அரித்துச் சென்றபோது பழம்பொருட்கள் வெளிப்பட்டன. இருந்தும் உள்ளே வீடுகள் பெருகிக்கொண்டே போயின. 1997இல் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அடித்தளம் தோண்டிய இடத்தில் பெக்ஜே காலத்துப் பானை ஓடுகள் குவியலாகக் கிடப்பதை ஒரு பேராசிரியர் கண்டார். பிறகு மதிலை ஓரிடத்தில் குறுக்காக வெட்டிப் பார்த்தார்கள். அடிப்பாகம் 43 மீட்டர் அகலம், உயரம் 11 மீட்டர். மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கி, மறுபடி கொட்டி, மறுபடி இடித்து, அடுக்கடுக்காக எழுப்பிய மதில் அது. வெறும் கையும் மரத்தடியும் கொண்டு செய்த அந்த இறுக்கத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவ்வளவு மண்ணைச் சுமக்க ஆட்களை ஏவக்கூடிய ஓர் அரசு அங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்றே வேண்டாம்.

475இல் வடக்கே இருந்த கொகுர்யோ அரசின் சாங்சு அரசர் 30,000 படையோடு இறங்கி வந்தார். ஏழு நாள் முற்றுகை. பெக்ஜே அரசர் கெரோ பிடிபட்டுக் கொல்லப்பட்டார். உதவி கேட்டு சில்லாவுக்குப் போயிருந்த இளவரசர் முன்ஜு 10,000 வீரர்களோடு திரும்பியபோது நகரம் அழிந்திருந்தது. மிஞ்சியவர்கள் தெற்கே ஓடி, கும் ஆற்றின் கரையில் ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் உங்ஜின், இன்றைய கொங்ஜு. அங்குள்ள கொங்சான் கோட்டை மதிலில் நடந்தால், ஒரு பக்கம் ஆறு நேராகக் காலடியில் கிடக்கும். தற்காப்புக்கு அற்புதமான இடம். ஆனால் நகரம் விரியவே முடியாது. ஒளிந்துகொள்ள வந்தவர்களின் ஊர் அது. உள்ளே அமைதியும் இல்லை. முன்ஜு அரசர் வந்த இரண்டே ஆண்டில் கொலையுண்டார். 501இல் தொங்சொங் அரசரும் கொலையுண்டார். இரண்டிலும் கை வைத்தவர்கள் அந்நியர் இல்லை, அவையிலிருந்த உயர்குடியினர்தான்.

கொங்ஜுவில் ஒரு கல்லறையைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1971 ஜூலையில் பக்கத்துக் கல்லறைகளுக்குள் மழைநீர் புகாமல் இருக்க வடிகால் தோண்டினார்கள். மண்வெட்டி செங்கல்லில் பட்டது. யாரும் கொள்ளையிடாத கல்லறை அது. வாயிலில் ஒரு சிறிய கல் விலங்கு காவல் நின்றது. அதன் முன்னால் இருந்த எழுத்துப் பலகை, உள்ளே இருப்பவர் 523இல் தம் 62ஆவது வயதில் இறந்த முர்யோங் அரசர் என்று சொன்னது. கல்லறைக்கான நிலத்தை மண்ணின் தெய்வங்களிடமிருந்து விலைக்கு வாங்கியதற்கான பத்திரமும், அதன்மேல் வைத்த சீன நாணயங்களும் அப்படியே இருந்தன. கூட்டம் கூடிவிட்டதால் ஓர் இரவுக்குள் அவசர அவசரமாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த இரவை நினைத்துக் கொரியத் தொல்லியலாளர்கள் இன்றுவரை வருந்துகிறார்கள்.

538இல் முர்யோங்கின் மகன் சொங் அரசர் தலைநகரை சாபிக்கு, அதாவது புயோவுக்கு மாற்றினார். அம்மா கேட்ட இடம் இதுதான். அப்போது யாரும் துரத்தவில்லை. திட்டமிட்டு, மதிலும் கோட்டையும் தெருவும் அமைத்து, அகன்ற சமவெளியில் குடியேறினார்கள். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடுகிறது. கடலுக்குப் படகு போகும், நெல் விளையும். அதோடு, இரண்டு அரசர்களைக் கொன்ற உங்ஜினின் பழைய உயர்குடிகளின் பிடியும் தளரும்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கொரியாவில் ஓர் அரசர் தலைநகரை மாற்ற நினைத்தால், வெளிப்பகை எந்தத் திசையில் என்று பார்த்துவிட்டு, பழைய ஊரில் வீடும் நிலமும் யாருடையவை என்றும் பாருங்கள். ஹன்சொங்கை அழித்த அதே சாங்சு அரசர், 427இல் கொகுர்யோவின் தலைநகரை வடக்கிலிருந்து பியாங்யாங்குக்குக் கொண்டுவந்தவர். அதற்கும் பழைய தலைநகரில் வேரூன்றிய குடும்பங்களை விட்டு விலகுவது ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மாற்ற முடியாமல் போனதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சில்லா மற்ற இரண்டு அரசுகளையும் வீழ்த்திய பிறகு, கியோங்ஜு தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் ஊராகிவிட்டது. 689இல் சின்முன் அரசர் அதை தல்குபோலுக்கு, இன்றைய தேகுவுக்கு மாற்ற விரும்பினார். பழைய வரலாற்று நூலான 'சாம்குக் சாகி'யில் இதற்கு ஒரே வரிதான்: மாற்ற எண்ணினார், நிறைவேறவில்லை. யார் தடுத்தார்கள் என்று எழுதவில்லை. கியோங்ஜுவில் வேரோடியிருந்த உயர்குடிகள்தான் என்பது என் எண்ணம், ஆய்வாளர்கள் பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். தலைநகர் நகரவில்லை. நாட்டின் ஐந்து இடங்களில் ஏற்கனவே 'சிறு தலைநகர்' என்ற பெயரில் வைத்திருந்த ஊர்களைக் கொண்டே சமாளித்தார்கள்.

880இல் ஹொன்காங் அரசர் மாடத்தில் ஏறி நின்று, "மக்கள் கூரைக்கு வைக்கோல் போடாமல் ஓடு வேய்கிறார்களாம், விறகு எரிக்காமல் கரியில் சமைக்கிறார்களாம், உண்மையா?" என்று அமைச்சரிடம் கேட்டாராம். உண்மை என்றார் அமைச்சர். மாடத்திலிருந்து பார்த்தால் ஓட்டு வீடுகள்தான் தெரியும். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் மாகாணங்களில் வரி கொடுக்க முடியாத உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 935இல் கடைசி அரசர் கியோங்சுன் போரிடாமல் நாட்டைக் கொர்யோவிடம் ஒப்படைத்தார். கி.மு. 57 என்ற மரபுக் கணக்கை வைத்தால் 992 ஆண்டு. உங்கள் புத்தகத்தின் 'ஆயிரம் ஆண்டு' அதுதான்.

வடகரை – பதில்

மண்மதில் ஐயா தெற்கை நன்றாகச் சொல்லிவிட்டார். வடக்கை ஒரே வரியில் கடந்துவிட்டாரே என்று எழுதுகிறேன். நான் ஷென்யாங்கில் மருத்துவம் படித்தேன். கொகுர்யோவின் முதல் இரண்டு தலைநகரங்களும் இன்று சீனாவில் இருக்கின்றன. தொடக்கம் ஜொல்போன். ஹுவான்ரென் ஊருக்கு அருகே செங்குத்தான ஒரு மலைக்கோட்டையை அதன் இடமாகக் காட்டுகிறார்கள். இரண்டாவது குங்னே, யாலு ஆற்றங்கரையில் ஜிஆன் என்ற சிறு நகரம். ஒரு விடுமுறையில் அங்கே போனேன். எதிர்க்கரை வடகொரியா.

குங்னேவுக்கு வந்த கதை பேத்திக்குப் பிடிக்கும். பலிக்கு வைத்திருந்த பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. துரத்திப் போன அதிகாரி அதைக் குங்னேவில்தான் பிடித்தார். திரும்பி வந்து, மலையும் நீரும் செழித்த இடம், மானும் மீனும் மிகுதி, அங்கே போனால் போர்த் தொல்லையும் இருக்காது என்று யூரி அரசரிடம் சொன்னார். கி.பி. 3இல் தலைநகர் மாறியது.

போர்த் தொல்லை இருக்காது என்ற சொல் மட்டும் பலிக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டில் சீனத்து வெய் படை வந்து சூறையாடியது. 342இல் முன்யான் அரசின் படை வந்து அரண்மனையைக் கொளுத்தி, இறந்துபோன அரசரின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து, அரசரின் தாயையும் 50,000 மக்களையும் பிடித்துச் சென்றது. ஆகவே 427இல் பியாங்யாங்குக்கு வந்ததில் வெளிப்பகைக்கும் பெரிய பங்கு உண்டு. உயர்குடிகளை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது.

ஜிஆனில் குவாங்கேதோ அரசரின் கல்வெட்டு நிற்கிறது. 414இல் அவர் மகன் சாங்சு நிறுவியது. 6 மீட்டருக்கும் அதிகமான உயரம், நான்கு பக்கமும் எழுத்து. இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். தலைநகரை விட்டுப் போகப் பதின்மூன்றே ஆண்டு இருக்கும்போது அவ்வளவு பெரிய கல்லை நட்டிருக்கிறார் என்பதை அங்கே நின்று கணக்குப் போட்டேன்.

ஒரு திருத்தம்: சாங்சு வந்த பியாங்யாங் இன்றைய நகரின் நடுப்பகுதி இல்லை. வடகிழக்கே தேசொங் மலையடிவாரம். இன்றைய நகர்ப்பகுதிக்கு இறங்கியது 586இல்.

வாசுகி_ஆசிரியை

எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. பேத்தி பன்றிக் கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

வடகரை சொன்ன எதிர்வாதத்துக்கு மண்மதில் தம்பியின் பதிலை எதிர்பார்க்கிறேன். கொர்யோவும் ஜோசொனும் இன்னும் வரவில்லை. ஹன்யாங்கை ஒரு துறவி மலை பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று தொடரில் காட்டினார்கள். அது உண்மையா? இன்னொன்று, கெகியோங்கிலிருந்த அரசர் ஒரு தீவில் போய் உட்கார்ந்திருப்பதாக ஒரு காட்சி வந்தது. அதுவும் தலைநகர்தானா?

மண்மதில் – பதில்

வடகரை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 342இல் நடந்ததைப் படித்தவர் யாரும் பியாங்யாங் மாற்றத்தில் அச்சத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நான் ஒரு பக்கம் சாய்ந்து எழுதிவிட்டேன்.

அந்தத் தீவு கங்க்வா, அம்மா. 1232இல் மங்கோலியர் படையெடுப்பின்போது, உண்மையில் ஆட்சி நடத்திய படைத்தலைவர் சோயே உ, அரசரையும் அவையையும் அங்கே கொண்டுபோனார். கரைக்கும் தீவுக்கும் நடுவே இருப்பது குறுகிய நீரிணைதான், ஆனால் ஏற்ற இறக்க நீரோட்டம் பயங்கரமானது. குதிரைப் படைக்கு அது போதுமான மதில். 38 ஆண்டு அதுவே தலைநகர். அரண்மனைகளுக்குக் கெகியோங்கில் இருந்த அதே பெயர்களை வைத்து, பின்னாலிருந்த குன்றுக்கும் கெகியோங் மலையின் பெயரான சொங்காக் என்பதையே சூட்டிக்கொண்டார்கள். நான் போனபோது அங்கே மிஞ்சியிருந்தது புல்வெளியும் பிற்காலத்துக் கட்டடங்கள் சிலவும்தான். அந்த ஆண்டுகளில்தான் 80,000க்கு மேற்பட்ட மரப்பலகைகளில் பௌத்த நூல் தொகுதியைச் செதுக்கினார்கள். பெரு நிலத்தில் விடப்பட்ட மக்கள் மங்கோலியரிடம் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நேர்மையாக இருக்காது. தலைநகர் தப்பியது, நாடு எரிந்தது.

கொர்யோவில் மாற்ற முயன்று தோற்ற கதையும் உண்டு. மியோச்சொங் என்ற துறவி, கெகியோங்கின் மண்வலிமை தீர்ந்துவிட்டது, பியாங்யாங்குக்குப் போக வேண்டும் என்று அரசரை ஏறக்குறையச் சம்மதிக்க வைத்துவிட்டார். கெகியோங் உயர்குடியினர் தடுத்தார்கள். 1135இல் அவர் கலகம் செய்தார். அடக்கியவர் கிம் புசிக். பத்து ஆண்டு கழித்து 'சாம்குக் சாகி'யைத் தொகுத்து முடித்தவரும் அவர்தான். சின்முன் அரசரின் தோல்விக்கு அதில் ஒரே வரி என்று முன்பே எழுதினேன். தலைநகர் மாற்றத்தைத் தடுத்தவர் கையால்தான் அந்த வரி நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஹன்யாங். முஹாக் என்ற துறவி உண்மையில் இருந்தவர், ஜோசொனைத் தொடங்கிய யி சொங்கியேவுக்கு நெருக்கமானவர். ஆனால் எடுத்தவுடன் சியோலைக் காட்டிவிட்டார் என்பது கதை. 1392இல் யி சொங்கியே அரியணை ஏறியது கெகியோங்கில்தான். சுற்றிலும் அவர் கவிழ்த்த கொர்யோவின் குடும்பங்கள். அவருக்கு அங்கே தூக்கம் வந்திருக்காது. முதலில் அவர் தேர்ந்த இடம் எங்கள் தேஜொனுக்குப் பக்கத்துக் கெர்யோங் மலையடிவாரம். 1393இல் வேலை தொடங்கிவிட்டது. அரண்மனைக்கான அடித்தளக் கற்கள் வந்து இறங்கின. ஹா ரியுன் என்ற அதிகாரி, இடம் நாட்டின் தெற்கே ஒதுங்கியிருக்கிறது, நீரோட்டத்தின் திசையும் தீமை என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டின் இறுதியிலேயே வேலை நின்றது. கற்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் அங்கே கிடக்கின்றன. இப்போது அந்த இடத்தில் தென்கொரிய முப்படைகளின் தலைமையகம் இருக்கிறது. மலை உச்சியில் நின்று அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஹா ரியுன் சொன்னது சரி. வரி நெல்லை ஏற்றி வரும் பெரிய படகுகளுக்கு அங்கே வழியே இல்லை.

1394இல் ஹன்யாங்குக்கு வந்தார்கள். அரண்மனை கட்டி முடியும் வரைக்கும் அரசர் பொறுத்திருக்கவில்லை, விருந்தினர் மாளிகையில் தங்கிக்கொண்டார். கியோங்பொக் அரண்மனை 1395இல் முடிந்தது. அதற்கும் நகர அமைப்புக்கும் மூளையாக இருந்தவர் அமைச்சர் ஜொங் தோஜொன். 1396இல் ஏறக்குறைய 1,18,000 உழவர்களை 49 நாட்கள் வேலை வாங்கி நான்கு மலைகளையும் இணைத்து மதில் எழுப்பினார்கள். மொத்த நீளம் 18.6 கிலோமீட்டர். 97 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வட்டாரத்தாரிடம் ஒப்படைத்தார்கள். இடிந்தால் யார் பொறுப்பு என்று தெரிவதற்காகக் கல்லில் ஊர்ப் பெயரைச் செதுக்கினார்கள். அந்த எழுத்துகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. நக்சான் குன்றின் பக்கம் நடந்தால் கையால் தொட்டே பார்க்கலாம்.

இவ்வளவு செய்த பிறகும் ஹன்யாங் நிலைக்கவில்லை. 1398இல் இளவரசர்களுக்குள் வாள் உருவிய சண்டை. ஜொங் தோஜொன் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு புது அரசர் மீண்டும் கெகியோங்குக்கே போய்விட்டார். ஹன்யாங் இரத்தம் சிந்திய ஊராகிவிட்டது, யாருக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. பிறகு வந்த தேஜொங் அரசர் 1404இல் கெகியோங், ஹன்யாங், அதன் அருகிலிருந்த முவாக் ஆகிய மூன்றில் எது என்ற பூசலைத் தீர்க்க, முன்னோர் ஆலயமான ஜொங்மியோவுக்குள் சில அமைச்சர்களோடு நுழைந்து நாணயம் சுண்டினார். ஊருக்கு மூன்று முறை. ஹன்யாங்குக்கு இரண்டு நன்மை, ஒரு தீமை. மற்ற இரண்டுக்கும் ஒரு நன்மை, இரண்டு தீமை. அரசவைக் குறிப்பேட்டிலேயே இது பதிவாகியிருக்கிறது. 1405இல் திரும்பி வந்தார்கள். சியோலின் 600 ஆண்டுக்கு நடுவில் இப்படி ஓர் இடைவெளி உண்டு.

இளவேனில்

நாணயம் சுண்டியது எனக்குப் புதிய செய்தி. சியோல் என்ற சொல்லுக்கே 'தலைநகர்' என்றுதான் பொருள் என்று படித்திருக்கிறேன். சொராபோல் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்களே, சரியா? செஜொங் பாதித் தலைநகர் என்றால் என்ன என்றும் சொல்லிவிடுங்கள்.

மண்மதில் – பதில்

ஆம், பொதுவாக ஏற்கப்படும் கருத்து அதுதான். சில்லாவின் ஊர்ப் பெயர் தேய்ந்து 'தலைநகர்' என்ற பொதுச்சொல்லாகி, பிறகு 1946இல் ஒரே ஊரின் பெயராகிவிட்டது. அதற்கு முன்பு ஜப்பானிய ஆட்சியில் கியோங்சொங் என்று பெயர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடகொரியாவின் 1948ஆம் ஆண்டு அரசியலமைப்பும் சியோலைத்தான் தலைநகர் என்றது. 1972இல்தான் பியாங்யாங் என்று மாற்றினார்கள். போரில் சியோல் ஒன்பதே மாதங்களில் நான்கு முறை கை மாறியது. தெற்கு அரசு ஏறக்குறைய 1,000 நாட்கள் பூசானில் இருந்து நாட்டை நடத்தியது. கேசொங்குக்கு நேர்ந்தது வேறு விதம்: 38ஆம் இணைக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததால் 1945இல் தென்பகுதியோடு சேர்ந்தது, 1953 போர்நிறுத்தத்தில் வடக்கிற்குப் போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சில நாளில் திரும்பலாம் என்று தெற்கே வந்த கேசொங் குடும்பத்து முதியவர் ஒருவர் தேஜொனில் எங்கள் தெருவில் இருந்தார். இன்சாம் (ஜின்செங்) என்ற மருந்துக் கிழங்கு வணிகம் அவர்களுடைய குலத்தொழில். கேசொங்கில் கொர்யோ காலத்து மன்வொல்தே அரண்மனைப் படிக்கட்டில் சிறுவனாக ஏறி விளையாடியதைச் சொல்லும்போது அவர் கைகள் அந்தப் படிகளின் உயரத்தைக் காட்டும்.

செஜொங் பற்றி: எல்லைக்கு மிக அருகே சியோல் இருக்கிறது என்பதால் 1977இலேயே அதிபர் பார்க் சுங் ஹீயின் அரசு தெற்கே ஒரு தற்காலிக நிர்வாகத் தலைநகரை அறிவித்தது. 1979இல் அவர் கொல்லப்பட்டதோடு அது கிடப்பில் போனது. பிறகு அதிபர் ரோ மூ ஹியுனின் அரசு தலைநகரை மாற்றச் சட்டமே இயற்றியது. 2004 அக்டோபர் 21 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சியோல் தலைநகர் என்று எந்த விதியிலும் எழுதவில்லை, ஆனால் ஜோசொன் காலச் சட்டத் தொகுப்பிலிருந்தே தொடர்ந்து வரும் வழக்கம், வழக்கமும் அரசியலமைப்புக்கு நிகர் என்று தீர்ப்பளித்தார்கள். ஆகவே செஜொங் 'தலைநகர்' என்ற பெயரில்லாமல் 2012இல் பிறந்தது. அமைச்சகங்கள் பல அங்கே, நாடாளுமன்றமும் அதிபர் அலுவலகமும் சியோலில். தீர்ப்பு வந்தபோது என் ஆய்வகத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். சியோலில் வீடு வைத்திருந்தவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று அன்றைக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. 689இல் கியோங்ஜுவிலும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

வாசுகி_ஆசிரியை

எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. பேத்தியின் கடைசிக் கேள்வி ஒன்று: போக ஆசைப்பட்டும் அந்த மாமாவால் போக முடியாத தலைநகர் எது?

மண்மதில் – பதில்

சொர்வொன், கண்ணு. சில்லா தளர்ந்த காலத்தில் குங் யே என்ற ஒற்றைக்கண் அரசர் 905இல் அங்கே தலைநகர் அமைத்தார். சதுரமான மண்மதில், வெளிச்சுற்று மட்டும் 12 கிலோமீட்டருக்கு மேல். 918இல் அவருடைய படைத்தலைவர்களே அவரைத் துரத்திவிட்டு வாங் கொனை அரசராக்கினார்கள். அவர்தான் கொர்யோவைத் தொடங்கி, அடுத்த ஆண்டே தன் சொந்த ஊரான கெகியோங்குக்குப் போய்விட்டார்.

அந்தப் பழைய நகரம் இன்று இரண்டு கொரியாக்களுக்கு நடுவே உள்ள படை விலக்கப்பட்ட பகுதிக்குள் கிடக்கிறது. எல்லைக்கோடு அதன் நடுவே குறுக்காகப் போகிறது. ஒரு காலத்தில் சியோலிலிருந்து வொன்சானுக்குப் போன ரயில் பாதையும் அதை ஊடுருவிச் செல்கிறது. சுற்றிலும் கண்ணிவெடி. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் எடுத்த ஒரு கல்விளக்கின் புகைப்படம் இருக்கிறது. தெற்கே ஒரு பார்வை மாடம் உண்டு, அங்கே நகரத்தின் மாதிரி வடிவத்தை வைத்திருக்கிறார்கள். ஒரு ஜனவரியில் போனேன். வழிகாட்டி, மதில் அந்தப் பக்கம் என்று கையை நீட்டினார். தொலைநோக்கியில் காய்ந்த புல்லும், அதில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகளும் தெரிந்தன. கீழே வயல்வெளியில் இருந்த சில கொக்குகள் எழும்பி, வேலியைக் கடந்து, அந்தப் புல்லில் போய் இறங்கின. குளிர் தாங்காமல் மற்றவர்கள் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் ஓட்டுநர் கூப்பிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.